வைக்கோல் கட்டிய புதினா

என் வீட்டு ஃபிரிட்ஜின் கைப்பிடியில் ஒரு வைக்கோல் புரி தொங்குகிறது. ஒரு சாண் நீளம் இருக்கும், நடுவில் சரியாக விழாத ஒரு முடிச்சு. தஞ்சாவூரில் மாடி வீட்டில் குடியிருக்கும் ஒரு பள்ளி ஆசிரியைக்கு வைக்கோலோடு என்ன வேலை என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். பாத்திரம் தேய்க்க வருகிற அம்மா அதை இரண்டு முறை குப்பையில் போட்டார், நான் இரண்டு முறையும் பொறுக்கி எடுத்து மாட்டினேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் அண்ணியும், புதினா மணக்கும் ஒரு வெள்ளிக்கிழமையும் நினைவுக்கு வந்துவிடும்.

எங்கள் ஊர் நன்னிலம் பக்கம். ஒரு காலத்தில் கூலிக்கு நட்ட வயலையே அப்பா சிறுகச் சிறுக வாங்கினார். அதனால் எங்கள் வீட்டில் நெல் என்றால் மரியாதை, மற்றதெல்லாம் தழை. அண்ணி கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் நடவுக்குப் போனவர். அவர் பறித்துக் கட்டிய நாற்றுக் கட்டுகளை, அதாவது முடிகளை, அடுக்கினால் எங்கள் தெருவே மறைந்துவிடும். ஆனால் எந்த வயலில் என்ன பயிர் போடலாம் என்று ஒரு நாளும் யாரும் அவரைக் கேட்டதில்லை. சொந்த வீட்டு வயலிலும் அப்படித்தான். நாத்தனார் என்ற முறையில் நானாவது கேட்டிருக்கலாம், நானும் கேட்கவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சரின் நிக்காஹுக்கு அண்ணியையும் அழைத்துப் போயிருந்தேன். எல்லோரும் பெண்ணைப் பார்க்கப் போக, அண்ணி மட்டும் மண்டபத்துக்குப் பின்னால் சமையல் கொட்டகைக்குப் போய்விட்டார். தேடிக்கொண்டு போனால், பிரியாணி மாஸ்டர் ஒரு சாக்கைக் கவிழ்த்துக் கறுத்துப்போன புதினாவை அள்ளி வெளியே எறிந்துகொண்டிருந்தார். இந்தப் பக்கத்தில் அவர்களைப் பண்டாரி என்பார்கள். "லாரில ரெண்டு நாள் மூட்டைக்குள்ள வெந்து வருது தங்கச்சி. பாதி குப்பைக்குத்தான்" என்றார். "நான் வெளைச்சுத் தந்தா வாங்குவீங்களா பாய்?" என்று அண்ணி கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வளர்ந்த ஒரு கைப்பிடிப் புதினாவைத் தவிர அவர் எதையும் விளைவித்ததில்லை. பண்டாரி சிரித்தார். "ஆனில ஒரு நிக்காஹ் இருக்கு, எங்க சொந்தத்துல. நூறு கட்டு கொண்டாங்க. எல கறுத்துச்சுன்னா அதோட சரி."

அன்று இரவு சாப்பாட்டின்போதே அண்ணி கேட்டுவிட்டார். வாய்க்கால் ஓரத்து ஒரு மா நிலம் வேண்டும் என்றார். மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர், எங்களுக்கு இருப்பதே ஏழு மா. அண்ணன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "பிரியாணில போடற தழைக்கு ஒரு மாவா?" என்றார். பிறகு, "ஒரு போகம் பாரு. போணியாகலன்னா மறுபடி நெல்லுதான். அப்பறம் பேசக் கூடாது" என்றார். அண்ணி தலையாட்டினார். மறுநாளே மாசியின் பிஞ்சு வெயிலில் புதினாத் தண்டுகளைப் பதிக்கத் தொடங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்குத் தஞ்சாவூரில் இருப்பே கொள்ளவில்லை. சனிக்கிழமை வந்தால் முதல் பேருந்து. எதற்கு இத்தனை அவசரம் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். வரப்பில் கால் வைத்ததுமே வாசனை வந்துவிடும், நெல் வயல்களுக்கு நடுவே அந்த வாசனை ஏதோ திருட்டு வேலை செய்கிற மாதிரி இருக்கும். அண்ணி ஒரு கிள்ளு கிள்ளி என் மூக்கருகே நீட்டி, "என்ன டீச்சர், பாஸா?" என்பார். போர்வெல் தண்ணீரைக் குடத்தில் மொண்டு அளந்து ஊற்றினார். ஆனி பிறந்தபோது அந்த ஒரு மா முழுக்க முழங்காலுக்குக் கீழே இருளடைந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். உள்ளூர்த் தேருக்காகப் பள்ளிக்கு வெள்ளி விடுமுறை என்பதால் நான் வியாழனே போய்ச் சேர்ந்தேன். வெள்ளி காலை காப்பி குடித்துக்கொண்டிருக்கையில் அண்ணன் மண்வெட்டியோடு உள்ளே வந்தார். முகமெல்லாம் பெருமை. "ஆத்துத் தண்ணி வந்துடுச்சு. மொத முறை நமக்குத்தான். உன் புதினாப் புள்ளைங்களுக்கும் சேத்து ரொப்பிட்டேன்" என்றார் அண்ணியிடம். அண்ணி டம்ளரைக் கீழே வைத்ததுகூட எனக்குத் தெரியவில்லை, வாசலில் அவர் ஓடும் சத்தம்தான் கேட்டது.

புதினா கணுக்கால் தண்ணீரில் நின்றது. நெல்லுக்குக் கட்டுவது போல வரப்புக்கு வரப்பு தளும்பத் தளும்பக் கட்டியிருந்தார். அடியிலைகள் சில அப்போதே நிறம் மாறியிருந்தன. வடித்துவிடலாம் என்றால் ஒரு பக்கம் தளும்பி ஓடும் வாய்க்கால், மற்ற பக்கங்களில் போர்வெல் தண்ணீரில் ஏற்கெனவே ரொம்பிக் கிடந்த மற்றவர்களின் நாற்றங்கால். வெயில் ஏறினால் தண்ணீர் சுடும், இலை வெந்துவிடும். அறுத்துவிடலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வாடிவிடும். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வேண்டுமென்றே செய்தீர்கள் என்று அண்ணனின் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அதுவரை இருந்த பெருமை வடிந்து அவர் முகம் சிறுத்துவிட்டது. அதைச் சொன்னதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அண்ணிதான் நடுவில் வந்தார். "அவர்ட்ட கோவிச்சு என்னாத்துக்கு. தண்ணில நிக்கிற பயிரத்தான அவருக்குத் தெரியும்" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்து நாற்றங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். "நாத்தப் பறிச்சா ரெண்டு நாள் கெடக்குதுல்ல. இது கெடக்காதா?"

நடவுக்கு உடன் போகும் பெண்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு அனுப்பினார். மூவரும் குனிந்து வேரோடு பிடுங்கத் தொடங்கினார்கள். இளகிய சேற்றிலிருந்து புதினா சிரமமில்லாமல் வந்தது. இடது கையில் சேர்த்து, தண்ணீரில் இரண்டு அலசு அலசி, வேரைத் தட்டி, வைக்கோலால் ஒரே சுற்றில் முடிபோட்டு வீசினார்கள். கை அது பாட்டுக்கு ஓடியது. வைக்கோலை யார் கொண்டுவந்தது என்று திரும்பிப் பார்த்தேன். அண்ணன்தான் வைக்கோல் போரிலிருந்து உருவி, தண்ணீர் தெளித்து, புரி புரியாகப் பிரித்து வரப்பில் வைத்துக்கொண்டிருந்தார். மரத்தடியில் மண்ணைக் குழித்து ஒரு விரல்கடை தண்ணீர் விட்டு, முடிகளை வரிசையாக நிறுத்தி, மேலே தென்னங்கீற்றுப் போட்டோம். "வேரு மட்டும் நனையணும். கழுத்து நனையக் கூடாது" என்று அண்ணி சொல்லிக்கொண்டே இருந்தார். சனிக்கிழமை முழுக்க மணிக்கொரு முறை போய்க் கீற்றை விலக்கி எட்டிப் பார்த்தேன். வாடவில்லை. நிமிர்ந்தே நின்றது.

ஞாயிறு விடியலில் லோடு ஆட்டோவில் போய் இறங்கினோம். பண்டாரி முடிகளைப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, நடவுக்கா கொண்டாந்தீங்க?" என்றார். அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த ஆட்கள் சிரித்தார்கள். அவர் ஒரு முடியைத் தூக்கி, வேரைப் பார்த்து, நுனியிலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். "எல உசுரோட இருக்கு" என்றார் தன் ஆட்களிடம், சத்தமாக. கிளம்பும்போது, "இனிமே இப்படியே வேணும். வேரோட, வைக்கல் கட்டோட" என்றார். வருகிற வழியெல்லாம் நானும் அண்ணியும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தோம், ஆட்டோக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

அண்ணன் அந்த வாரமே மண்வெட்டி எடுத்து அந்த மாவை மேட்டுப் பாத்தியாக வெட்டினார், யாரும் கேட்கவில்லை. நிக்காஹ் கொட்டகையில் இலை கிள்ளி மிஞ்சியதைக் கேட்டு வாங்கிவந்திருந்த வேர்த்தண்டுகளை அண்ணி அதில் நட்டார். இப்போது மழைக்குப் பின் கொத்தமல்லியும் போடுகிறார்கள். மூன்று ஊர்ப் பண்டாரிகளும், தஞ்சாவூரில் இரண்டு காய்கறிக் கடைகளும் வாங்குகிறார்கள். வைக்கோல் கட்டு இருந்தால்தான் எடுக்கிறார்கள், ரப்பர் பேண்ட் போட்டது வேண்டாமாம்.

போன மாதம் அண்ணியோடு சரக்கு கொண்டுபோனேன். ஓடும் ஆட்டோவில் உட்கார்ந்து அவர் கடைசி முடிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கை சேறு என்பதால் நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன். "தண்ணி வந்துடுச்சு. மடையிலதான் நிக்கிறேன்" என்றார் அண்ணன். பிறகு, "உன் மாவுக்கு விடலாமா, வேணாமா?" என்று கேட்டார். "அரை மணி நேரம் விடுங்க. நிக்க விடாதீங்க" என்றார் அண்ணி. "சரி" என்று அண்ணன் போனை வைத்தார்.

"கவனிச்சீங்களா அண்ணி? 'உன் மா'ன்னு சொன்னாரு" என்றேன். "கவனிக்காமலா" என்று அவர் கையைக் காட்டினார். ஆயிரக்கணக்கான நாற்று முடிகளைக் கட்டிய அந்தக் கையில் ஒரு முடிச்சு தப்பிப்போய், புரி பாதி அவிழ்ந்து தொங்கியது. அதை எறியப் போனார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.