எத்தனை நாள் வலிக்கும்?

பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது எங்கள் சலவைக்கூடம். மேலேயிருந்து வரும் விரிப்பு, போர்வை, நோயாளி அங்கி எல்லாவற்றையும் துவைத்து, உலர்த்தி, மடித்துத் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். பதினொரு வருடமாக ஒரு முனையில் நான், மறுமுனையில் அவள். இயந்திர இரைச்சலையும் மீறிக் கேட்கும் குரல் என்பதால் அவளுக்கு 'சைரன்' என்று பெயர் வைத்திருந்தோம். கோபித்துக்கொள்ள மாட்டாள். "நெருப்புப் பிடிச்சா உங்களையெல்லாம் வேற யாருடி எழுப்புறது?" என்பாள்.

நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு முடக்குவாதம் வந்தது. அடக்கி வைக்கலாம், அடியோடு தீராது என்று சொல்லிவிட்டார்கள். நல்ல நாட்களில் எங்கள் யாரையும்விட வேகமாக மடிப்பாள். மோசமான நாட்களில் விடியும்போதே விரல்கள் மடங்கி, இறுகிக் கிடக்கும். சீருடைக்குப் பொத்தான் போட்டுவிடுவது வீட்டுக்காரர்தான். அவர் பெயின்டர். "இருபது வருஷமா ஊரார் வீட்டுச் சுவத்துக்குத்தான் பொறுமையா வேலை பார்த்தேன். இப்பதான் உன் பக்கம் திரும்பியிருக்கேன்" என்று கேலி செய்வாராம்.

பொத்தான் போட்டும் வர முடியாத நாட்கள் இருந்தன. அவற்றுக்காக இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்றாவது வந்தால் விசாரணை. விசாரணை என்றால் வேலை போச்சு. நீண்டகால நோயாளிகளுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. டாக்டர் சான்று கொடுத்துவிட்டால், நோய்க்காக எடுத்த விடுப்பைக் காட்டி ஒருவரை வெளியே அனுப்ப முடியாது. அந்தச் சான்றுக்குத்தான் ஏழு பக்கப் படிவம்.

அதை எங்கள் ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில் இருக்கும் மூட்டுநோய் டாக்டரம்மாவே நிரப்பிக் கொடுத்தார். நோய் மாதம் எத்தனை முறை முற்றும், முற்றினால் எத்தனை நாள் நீடிக்கும் என்று ஒரு கேள்வி. 'முன்கூட்டிச் சொல்ல இயலாது' என்று உள்ளதை எழுதினார். பத்தே நாளில் திரும்பி வந்தது: 'தெளிவில்லை.'

அந்த டாக்டரம்மாவிடம் காட்ட வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து காத்துக் கிடக்கிறார்கள். அதே கட்டடத்தில் இருக்கும் பணியாளர் பிரிவுக்கு மட்டும் அவர் எழுத்து தெளிவில்லை!

"எத்தனை நாள் வலிக்கும்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று டாக்டரம்மா பேனாவை மேசையில் போட்டார். "ஏதோ ஒரு எண்ணு வேணும் அவங்களுக்கு. இந்தா, எழுதித் தர்றேன்." மாதம் இரண்டு முறை, முறைக்கு இரண்டு நாள் வரை என்று எழுதினார். அது உடனே தெளிவாகிவிட்டது.

குளிர் தொடங்கியதும் அவள் நான்கு நாள் சேர்ந்தாற்போல் படுத்துவிட்டாள். பணியாளர் பிரிவு அதிகாரி கூப்பிட்டனுப்பினார். துணைக்கு நானும் போனேன். சின்ன வயதுக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார்.

"படிவத்துல ரெண்டு நாள்னு இருக்கு மேடம். நீங்க நாலு நாள் எடுத்திருக்கீங்க."

"நோய்கிட்ட படிவத்தைக் காட்டினேன் சார். அது படிக்க மாட்டேங்குது."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப எங்களுக்குச் சந்தேகம் வரும் இல்லையா? நாங்க சொல்ற டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருங்க."

அந்த டாக்டர் ஊரின் மறுகோடியில், ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே வாடகை அறையில் இருந்தார். பிற்பகல் மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் இறுகும் விரல்கள் பிற்பகலில் தளர்ந்துவிடும். அந்த நோயின் குணமே அதுதான். அவள் கொண்டுபோன ரத்தப் பரிசோதனை உறையை அவர் பிரிக்கக்கூட இல்லை. கையை மூடித் திறக்கச் சொன்னார். தன் இரண்டு விரலை நீட்டி, "அழுத்துங்க" என்றார்.

"வந்த ஆத்திரத்துல நல்லா நெரிச்சு விட்டுட்டேன்டி" என்று மறுநாள் போனில் சொன்னாள்.

'பிடிவலு இயல்பாக உள்ளது. விடுப்பு தேவையில்லை' என்று எழுதிவிட்டார். மொத்தம் ஆறு நிமிடம். நெரித்த கை வீங்கி இரண்டு நாள் அவளால் எழ முடியவில்லை. அந்த இரண்டு நாளும் அனுமதியில்லாத விடுப்பு என்று கணக்காகி, மூன்றாவது கடிதம் வந்தது. பதினைந்து நாளில் விசாரணை.

அவள் அழவில்லை. "எந்த விதிப்படி என்னை அந்த ஆள்கிட்ட அனுப்பினீங்க? அந்த விதியைக் குடுங்க" என்று தினமும் போய் நின்றாள். ஐந்தாம் நாள் பதினாறு பக்கப் பிரதி ஒன்றைக் கொடுத்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் துணி மூட்டைமேல் உட்கார்ந்து நான் படிக்க, அவள் கேட்டாள். பதினோராம் பக்கத்தில் நான் நிறுத்தினேன். இரண்டு டாக்டர்கள் முரண்பட்டால், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மூன்றாவது டாக்டரிடம் போகலாம், செலவு நிர்வாகத்துடையது, அவர் சொல்வதே முடிவு, அதுவரை பாதுகாப்பு தொடரும்.

"இன்னொரு தடவை படி" என்றாள். படித்தேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நேரே அதிகாரியிடம் போனாள்.

"இதை ஏன் சார் எங்கிட்ட சொல்லல?"

"வழக்கமா யாரும் கேக்கறதில்ல மேடம்."

"யாரும் கேக்கலைன்னா சொல்லக் கூடாதா? இருக்கறதே தெரியாததை எப்படிய்யா கேப்பாங்க?"

பக்கத்து அறைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. விசாரணை தள்ளிவைக்கப்பட்டது.

மூன்றாவது டாக்டரிடம் காலை ஏழு மணிக்குத்தான் வருவேன் என்று அடம்பிடித்து அந்த நேரத்தையே வாங்கினாள். அவர் எல்லாத் தாள்களையும் படித்தார். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து மூடியைத் திறக்கச் சொன்னார். முடியவில்லை. முக்கால் மணி நேரம் ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, டாக்டரம்மா முதலில் எழுதியதையே எழுதினார்: இத்தனை நாள் என்று சொல்ல முடியாது, வரும்போது விடுப்புக் கொடுக்க வேண்டும்.

பாதுகாப்பு கிடைத்தது. மூன்று கடிதங்களும் ரத்து என்று ஒரு வரியில் தாள் வந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் அதிகாரியின் மேசைமேல் வைத்தாள்.

"தப்பு எங்களுதுன்னு இதுல எங்கயும் காணோமே?"

"தப்புன்னு எதுவும் நடக்கல மேடம். எல்லாம் நடைமுறைதான்."

எனக்கே அந்த மேசையைக் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. அவள் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் நின்று, "அந்த வண்டி தள்ளுற அண்ணனையும் இதே டாக்டர்கிட்டதானே அனுப்பினாங்க?" என்றாள்.

எங்கள் கூடத்தில் துணிவண்டி தள்ளிக்கொண்டிருந்தவர் அவர். சிறுநீரக நோய். 'வேலைக்குத் தகுதி' என்று அதே ஆறு நிமிடத்து டாக்டர் எழுதி, விடுப்பெல்லாம் குற்றமாகி, வேலை போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். ஒரு குடியிருப்பின் வாயிலில் காவலுக்கு இருந்தார். செருப்புக்குள் அடங்காத அளவுக்குக் கால் வீங்கியிருந்தது. பதினோராம் பக்கத்தை வாங்கி மெதுவாகப் படித்தார்.

"மூணாவது டாக்டரா? அப்படி ஒண்ணு இருந்துச்சாம்மா?"

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான் கெடு என்று அதே பக்கத்தின் அடியில் போட்டிருந்தது. அதையும் படித்துவிட்டு, தாளை ஒழுங்காக மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

அவருடைய காவல் நாற்காலியிலேயே நான் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல மனு எழுதினேன். 'எங்களிடம் மறைத்த விதிக்கு எங்களுக்கு எப்படிக் கெடு விதிப்பீர்கள்?' என்ற வரிக்கு அடிக்கோடு போடச் சொன்னாள். இரண்டு தடவை போட்டேன். அவர் கையெழுத்திட்டார்.

இரண்டு மாதமாகிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலை முடிந்ததும் பணியாளர் பிரிவுக்குப் போகிறோம். "பரிசீலனையில இருக்கு மேடம்" என்கிறார் அதிகாரி, குரலை உயர்த்தாமல். போன வெள்ளிக்கிழமை அவளுக்கு விரல்கள் ரொம்ப மோசம். கதவைத் தட்ட முடியவில்லை. நான் தட்டினேன்.