கதவுக்குப் பின்னால் தொங்கிய பை

நீல ரெக்சின் பை அது. வாயை மூடும் சிப் என்றைக்கோ போய்விட்டது; அதற்குப் பதிலாக இரண்டு பெரிய ஊக்குகள் குத்தியிருக்கும். ஆக்லாந்தின் ஏவன்டேல் பகுதியில் பெரியம்மா வாடகைக்கு இருந்த வீட்டின் வாசற்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் எப்போதும் தொங்கும். கதவைத் திறந்தால் அது போய்ச் சுவரில் 'தொப்' என்று மோதும். சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டால்தான் பெரியம்மாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டதாக எனக்குப் படும். உள்ளே எல்லோருடைய பிறப்புப் பத்திரங்கள், ஊர்க் காணியின் உறுதிப் பத்திரம், கடவுச்சீட்டுகள், கொஞ்சம் மருந்துக் குளிசை, ஒரு டோர்ச் லைட். சண்டைக் காலத்தில் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பை இப்படித் தயாராக இருந்ததாம். ஷெல் விழத் தொடங்கினால் அதை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஷெல்லே விழாத ஆக்லாந்தில் கால்நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்த பிறகும் பெரியம்மா அதைக் கழற்றவில்லை. டோர்ச்சுக்குப் பற்றரிகூட மாற்றிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டால், "கிடக்கட்டுமே பிள்ளை, சோறா கேக்குது?" என்பார்.

அந்தப் பையை அவருடைய மகன், நான் அண்ணா என்று கூப்பிடுபவர், எப்படிப் பார்த்தார் என்பதை என் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். ஊரே கிளம்பி மழைக்குள் நடந்த இரவொன்றில் அண்ணாவுக்கு ஏழு வயது. பெரியப்பா அதற்கு முன்பே காணாமல் போயிருந்தார். சைக்கிளில் மூட்டைகளைக் கட்டித் தள்ளிய பெரியம்மா, பையை அண்ணாவிடம் கொடுத்து, "என்ன நடந்தாலும் இதை விட்டிடாத" என்றாராம். அண்ணா பையின் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நடந்தார், அப்படியே தூங்கினார். பிறகு பல நாள் அதைக் கழற்ற விடவேயில்லையாம்.

பெரியம்மா முதியோர் இல்லமொன்றின் சமையலறை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வீட்டு வாடகை மறுபடி ஏறியது. நகரின் மறுபக்கம் மவுண்ட் வெல்லிங்டனில் வீடு வாங்கியிருந்த அண்ணா, கராஜுக்குப் பின்னால் அவருக்கென்று ஓர் அறை கட்டத் தொடங்கினார். சுவருக்கு என்ன நிறம் என்றுகூடப் பெரியம்மாவிடம் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் கூடியிருந்த மதியச் சாப்பாட்டில், அண்ணாவின் சோற்றுக் கோப்பையில் சம்பல் வைத்துக்கொண்டே பெரியம்மா சொன்னார்: "நான் அல்பேனியாவுக்குப் போய் இருக்கப் போறன்."

"அது எங்க கிடக்கு?" என்றார் என் அம்மா. பெரியம்மா சொன்ன ஊரை நான் போனில் தேடினேன். மத்தியதரைக் கடலோரத்தில் சராண்டா என்றொரு சின்ன நகரம். எதிரே கிரேக்கத் தீவொன்று தெரியுமாம். ஏவன்டேலில் பின்வளவு பார்த்த வீட்டுக்குக் கொடுக்கிற வாடகையில் அங்கே கடல் பார்த்த வீடும் எடுத்து, மீனும் வாங்கிச் சாப்பிடலாம். அதற்கு முந்தின வருடம் லண்டனில் ஒரு கலியாணத்துக்குப் போன பெரியம்மா, யாருக்கும் சொல்லாமல் அங்கேயும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அத்தனை நாளும் அவர் லண்டனில் குளிரில் நடுங்குவதாக நாங்கள் இங்கே கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அண்ணா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினார். "மகன் இருக்கத்தக்கதா தாய் தனியப் போய் இருந்தா சனம் என்ன கதைக்கும்? தெரியாத ஊரில ஏதும் ஒண்டு நடந்தா ஆர் பாக்கிறது?" பெரியம்மா சம்பலை என் அம்மாவின் பக்கம் நகர்த்தினார். "போறதெண்டா என்ர முகத்தில முழிக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு அண்ணா வெளியேறினார். சனம் எக்கேடு கெட்டால் அவருக்கென்ன. அவர் பயந்து போயிருந்தார். அது எனக்கு அன்றைக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு பெரியம்மாவின் அழைப்புகளை அவர் எடுக்கவேயில்லை.

புறப்படும் நாள் காலை, உதவிக்கென்று போய்ச் சாவியால் கதவைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கதவுக்குப் பின்னால் வெறும் ஆணி. முந்தின நாள் மாலை அண்ணா வந்ததாகவும், வாசற்கதவடியோடு நின்றுவிட்டுப் போனதாகவும் பெரியம்மா சொன்னார். லண்டனிலிருந்து திரும்பிய அன்றே பெரியம்மா தன் கடவுச்சீட்டை அந்தப் பைக்குள் வைத்து ஊக்குக் குத்தியதைப் பார்த்திருந்தேன். வீட்டுச் சொந்தக்காரர் மத்தியானம் சாவி வாங்க வருகிறார். மாலையில் விமானம். அதைத் தவறவிட்டால் பெரியம்மாவுக்குப் போக இருப்பது கராஜுக்குப் பின்னால் இருந்த அறை மட்டுந்தான். அண்ணா கணக்குப் பார்த்துத்தான் செய்திருக்கிறார். நான் அண்ணாவுக்குப் போன் அடித்துக்கொண்டேயிருந்தேன். அவர் எடுக்கவில்லை. பெரியம்மா பெட்டியைப் பூட்டி எழுந்து, "ஒருக்கா மவுண்ட் வெல்லிங்டனுக்குக் காரை விடு பிள்ளை" என்றார்.

வழி நெடுகச் சிவப்பு விளக்குகள். அண்ணாவைப் பார்த்து என்ன கத்துவது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். பக்கத்தில் பெரியம்மா யாருடைய வீட்டுப் பூசணியோ மதிலுக்கு மேலால் காய்த்திருப்பதைக் காட்டினார்.

அண்ணா கதவைத் திறந்து படியில் நின்றார். நாற்பது வயதைத் தொடும் மனிதர், நரை விழுந்த தாடி. பையின் வார் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. கத்துவதற்கு அடுக்கியதை விட்டுவிட்டு நான் பெரியம்மாவுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"தரமாட்டன்" என்றார்.

"அதைக் கேட்டு வரேல்லைத் தம்பி. பாஸ்போர்ட் என்னட்டக் கிடக்கு. டிக்கெட் போட்ட அண்டைக்கே எடுத்திட்டன்."

அண்ணா ஊக்கைக் கழற்றிக் கிளறிப் பார்த்தார். எல்லோருடையதும் இருந்தது. பெரியம்மாவுடையது மட்டும் இல்லை. கடவுச்சீட்டு வேறு எங்காவது இருக்கக்கூடும் என்று அண்ணாவுக்கு மட்டுமல்ல, எனக்கும் தோன்றியிருக்கவில்லை. அந்தப் பை இல்லாமல் பெரியம்மா ஓர் இடத்துக்குக் கிளம்புவார் என்று எங்கள் வீட்டில் யார்தான் நினைப்பார்கள்?

"பிறகேன் வந்தனீங்கள்?"

"சொல்லிப்போட்டுப் போக." பெரியம்மா படியில் ஏறி அவர் பக்கத்தில் நின்றார். "எத்தினை தரம் வெளிக்கிட்டு ஓடியிருப்பம் நாங்கள். ஒருக்காலும் நானா வெளிக்கிடேல்லை. இது ஒண்டுதான் நானா வெளிக்கிடுறன்." பிறகு அவருடைய மணிக்கட்டைத் தொட்டு, "கை சிவந்துபோச்சு. விடு ராசா" என்றார்.

அண்ணா விடவில்லை. விமான நிலையத்துக்கும் வரவில்லை. கார் திரும்பும்வரை படியிலேயே நின்றார். அது வரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பெரியம்மா நெடுஞ்சாலையில் ஏறியதும் விம்மி விம்மி அழுதார். நானும் அழுதேன்.

அது நடந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. அண்ணா மெல்ல மெல்லப் பெரியம்மாவின் அழைப்புகளை எடுக்கத் தொடங்கினார். போன ஞாயிறு மாலை நான் அவருடைய வீட்டில் இருந்தபோது பெரியம்மா வீடியோவில் வந்தார். அங்கே காலை. கடலில் குளித்துவிட்டு வந்திருந்தார். அவருக்குப் பின்னால் கதவில் ஈரத் துவாயும் ஓலைத் தொப்பியும் தொங்கின. மீன்காரி தன்னோடு அல்பேனிய மொழியில் சண்டை பிடிப்பதாகவும், தான் தமிழில் திருப்பிக் கொடுப்பதாகவும் சொன்னார். பேச்சோடு பேச்சாக, "அந்தப் பையை எறிஞ்சிட்டியே?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா, அது எப்பவோ" என்றார் அண்ணா.

அந்நேரம் பார்த்து, வெளியே விளையாடிவிட்டு வந்த அவருடைய மகள் வாசற்கதவைத் தள்ளித் திறந்தாள். தொப்.

பெரியம்மா திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தார். அண்ணா போனைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா கேட்டார்:

"டோர்ச்சுக்குப் பற்றரி மாத்தினனியே?"

"ஓம்" என்றார் அண்ணா.