காற்றுப் புகாத பைக்குள் அம்மன் இருந்த நாட்கள்

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கிக்கொள்ள வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். "என்னப் பத்தி எழுதினா அளந்து வுடாதடி" என்று அக்காவே சொல்லிவிட்டுப் போயிருப்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதப் பார்க்கிறேன்.

அக்கா பிறந்தது குறிஞ்சிப்பாடியில், வளர்ந்தது நெய்வேலி குவாட்டர்ஸில். மைன்ஸில் ஷிப்ட் பார்த்த அப்பா சீக்கிரமே காலமானார். குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டு டவுன்ஷிப்புக்கு வெளியே ஓட்டு வீட்டுக்குப் போனோம். அக்கா டியூஷன் எடுத்து என்னையும் படிக்க வைத்தார், தானும் வேதியியல் படித்தார். பிறகு சென்னையில் பழம்பொருள் பாதுகாப்புப் பயிற்சி முடித்து அங்கேயே ஓர் அருங்காட்சியகத்தில் சேர்ந்தார். பச்சை பிடித்த செப்புத் திருமேனி, ஒட்டிக்கொண்ட ஓலைக்கட்டு, வண்ணம் உதிரும் ஓவியம் என்று எல்லாம் அவர் மேசைக்கு வரும். "பொம்மைக்கு வைத்தியம் பாக்குற பொண்ணு" என்று உறவில் கேலி பேசியவர்கள் சிலர் இந்த மலரையும் இப்போது கையில் வைத்திருக்கிறீர்கள். இருக்கட்டும்.

ரொம்ப நாள் கான்ட்ராக்ட்தான். நெய்வேலிக்காரர்கள் நலம் விசாரிப்பதே "பர்மனென்ட் ஆயிட்டியா?" என்றுதானே. சித்தப்பா ஒருமுறை அப்படிக் கேட்டபோது, "நான் பாக்கற பொருளே பர்மனென்ட் இல்ல, நான் எப்பிடி ஆவேன் சித்தப்பா?" என்றார். கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் நின்றேவிட்டது. அதற்காக அவர் அழுது நான் பார்த்ததில்லை. கறையான் அரித்த தேர்ச் சிற்பம் ஒன்றைப் பார்த்துக் கண்கலங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

ஓய்வுபெற்றபின் நெய்வேலியில், என் கணவர் வேலைக்குக் கிடைத்த குவாட்டர்ஸில் எங்களோடு இருந்தார். நுரையீரல் சுருங்கும் நோய் வந்தது. ஹால் மூலையில் ஆக்சிஜன் மெஷின் வந்தது. அந்த நேரத்தில்தான் அம்மனும் வந்தாள்.

சேத்தியாத்தோப்புப் பக்கம் சுரங்கத்துக்கு நிலம் போன ஒரு கிராமம். ஊர் இடம் மாறுகிறது, கோயிலும் மாறுகிறது. அம்மன் மரச்சிலை. உள்ளே வண்டு விழுந்து மணிக்கட்டிலிருந்து மாவாகக் கொட்டியது. யாரோ சொல்லி, அக்காவைத் தேடி மினி வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பீடத்தை விட்டு எழுந்த அம்மனுக்குக் கண்ணை மஞ்சள் துணியால் கட்டிவிடுவது அவர்கள் வழக்கம். புதுப் பீடத்தில்தான் அவிழ்ப்பார்கள்.

விஷ மருந்து அடித்தால் பழைய வண்ணம் கெட்டுவிடும் என்றார் அக்கா. சிலையைத் தடித்த பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும் பொட்டலங்களை உள்ளே போட்டு, சூடு வைத்து ஒட்டி, ஹாலை அடுத்த அறையில் வைத்தார். வண்டும் முட்டையும் மூச்சில்லாமல் சாக வேண்டும், அதற்குச் சில வாரம் ஆகும். நடுவில் ஊசிமுனை அளவு திறந்தாலும் எல்லாம் வீண்.

நாளாக நாளாகப் பை ஒடுங்கியது. முதலில் தோளில் ஒட்டியது, பிறகு மூக்கில், உதட்டில், துணிக்குள் இருந்த கண்மேட்டில். பை முகத்தை இறுக்க இறுக்க, ஹாலில் அக்காவின் மெஷினைக் கூட்டி வைக்க வேண்டியிருந்தது. மத்தியானத்தில் ஆளில்லாத அறையிலிருந்து நொறுக் நொறுக் என்று சத்தம் வரும். "பிளாஸ்டிக் ஒடுங்குதுடி" என்பார் அக்கா. அதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு மூச்சு வாங்கும். அந்த அறைக்குப் பெருக்கப் போவதையே நான் விட்டுவிட்டேன்.

பார்க்க வந்த பூசாரி ஐயா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? அவளுக்கு மூச்சு முட்டுது, நீங்க பாத்துக்கினு இருக்கறீங்க! அவ மூச்ச நிறுத்தினா, நிறுத்தினவங்க மூச்சு இன்னாவும்?"

அவர் போனதும் கத்திரிக்கோலோடு அக்காவின் முன்னால் போய் நின்றேன். வெட்டிவிடலாம் என்று கெஞ்சினேன்.

"வெட்டினா வண்டு பொழச்சிக்கும், அவ மாவாயிடுவா. அந்த ஊர்ல மிச்சம் அவ ஒருத்திதான்டி. என் மூச்சு எப்பவோ சுருங்க ஆரம்பிச்சிட்டுது. அவ மேல பழி போடாத."

"நீ செத்துட்டா நான் என்ன பண்ணுவேன்க்கா?"

"அழு. ஆனா பையத் தொடாத."

பை திறக்கும் கெடு வருமுன்னே, ஒரு நாள் காலை ஷிப்ட் சங்கு ஊதி அடங்கிய நேரத்தில், அந்த அறைக்கு எதிரே போட்ட நாற்காலியிலேயே அக்காவின் மூச்சு நின்றது.

சாவு வீட்டுக்குள் சாமி! செய்தி கேட்டுக் கிராமத்து ஆட்கள் ஓடி வந்தார்கள். நம் பெரியவர்களும் உடனே எடுத்துப் போகச் சொன்னார்கள். பையைக் கிழித்து, அம்மனைப் புதுத்துணியில் சுற்றித் தூக்கலாம் என்று ஒருவர் கத்தியை எடுத்தே விட்டார். அக்காவை ஹாலில் கிடத்தியிருக்க, நான் தலைவிரி கோலமாக அந்த அறைக் கதவை மறித்து நின்றேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பீர்கள்.

பூசாரி ஐயா என்னை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். பையின் ஒட்டு நெடுக விரலால் தடவிப் பார்த்தார். வெளியே வந்து சொன்னார்:

"காத்தே பூராத எடத்துல தீட்டு எப்பிடிங்க பூரும்? பொறப்பட்ட சுத்தத்தோடதான் இருக்கறா. யாரும் கத்தி வெக்காதீங்க, அப்பிடியே தூக்குங்க."

மூச்சு முட்டுகிறது என்று பதறியவரே அன்று அந்தப் பையைக் காப்பாற்றினார். அம்மன் பையோடு முதலில் வாசல் தாண்டினாள். பிறகு அக்காவை எடுத்தார்கள்.

கெடு முடிந்தபோது எங்களுக்குக் காரியம் முடியவில்லை. ஆனால் திறக்கும் விதம் அக்கா எனக்கு மட்டுமே சொல்லித் தந்திருந்தார். அதனால் புது ஊரில், பந்தலுக்கு வெளியே தீட்டோடு எட்ட நின்று, எந்த மூலை, எவ்வளவு என்று குரல் கொடுத்தேன். பூசாரி ஐயா வெட்டினார். பை காற்றை உள்ளே இழுத்தது. நீளமாக, வெகுநேரம் மூச்சடக்கி இருந்தவர் இழுப்பதுபோல. மூக்கிலும் உதட்டிலும் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மெல்ல விலகியது. கூட்டம் பின்வாங்கியது. காலடியில் செத்த வண்டுகள் உதிர்ந்து கிடந்தன.

அக்காவுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், மெஷின் நின்றால் உடனே சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த பக்கத்து குவாட்டர்ஸ் தம்பிக்கும், காரியம் வரை எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்ட எங்கள் பிளாக் பெண்களுக்கும், பூசாரி ஐயாவுக்கும் நன்றி. பை மூச்சிழுத்த அந்தச் சத்தம் கேட்டதும், அத்தனை பேர் நடுவில், கண் கட்டியிருந்த அம்மனைப் பார்த்து நான் "அக்கா!" என்று கூப்பிட்டுவிட்டேன். அது அக்கா இல்லை, அம்மன் என்று என்னிடம் சொல்லாமல் இருந்த அந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் என் நன்றி.