நாலு செக்கன் பிந்திக் கேட்ட இசை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய்க்கதை சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விமானப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் அளவு பார்க்கிற வேலை செய்தவன் நான், தலைமயிர் அளவு பிசகினாலும் பாகத்தைத் தூக்கி ஒரு பக்கம் போடுகிற ஆள், அப்படிப்பட்டவன் வந்து இப்படி ஒரு கதை சொல்கிறேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள், என் மனைவியும் சிரித்தாள். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ராசனைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அகதியாக இந்தப் பனி நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலம் நானும் அவனும் நகரத்தின் கோட்-டே-நேஜ் பக்கம் ஓர் அறையில் கிடந்தோம். வேலை செய்யப் பத்திரம் வரவில்லை, குளிருக்குப் போட நல்ல ஜக்கெட் ஒன்றுதான், மாறி மாறிப் போட்டுக்கொண்டு கடைக்குப் போவோம். கீழ்வீட்டு வெள்ளைக்கார மனுசி வீடு மாறும்போது தன் பழைய டெக்கையும் ஒரு பெட்டி நிறைய வீடியோ கசெட்டுகளையும் எங்களிடம் தந்துவிட்டுப் போனாள். எல்லாம் பழைய பிரிட்டிஷ் உளவாளித் தொடர், கறுப்பு வெள்ளை. ஹாலோவெல் என்று ஓர் ஆள். துப்பாக்கி வைத்திருக்க மாட்டான், ஓடவும் மாட்டான். தெரியாத ஊரில், பொய்ப் பெயரில், ஒரு சூட்கேசோடு வாடகை அறையில் இருந்துகொண்டு மற்றவர்கள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டே இருப்பான், கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைத்துவிட்டு மெல்லமாக நாலு வார்த்தை சொல்லுவான், எதிரிக்கு வியர்த்துப்போகும். ராசன் முதல் நாளே சொல்லிவிட்டான், "டேய், இவன் எங்கட ஆள்." எங்களுக்கு இங்கிலீஷ் வந்ததே அந்த மனிதனிடமிருந்துதான்.

கலியாணம் கட்டி நான் அஹுன்ட்சிக் பக்கமும் அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யுக்கும் போன பிறகும் அது நிற்கவில்லை. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போன் எடுப்பான். "கசெட் வச்சிட்டியே?" "ஓம், வச்சிட்டன்." "அப்ப ஒண்டு, ரெண்டு, மூண்டு." இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பட்டனை அமத்தி, ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு முழு எபிசோடையும் பார்ப்போம். கசெட் போய் டிஸ்க் வந்த பிறகும் அதே வழக்கம்தான். அவனுடைய மெஷின் சரியான சோம்பேறி, அமத்தினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் ஓடும். அதனால் தொடக்க இசை என் டிவியில் ஒருமுறை, நாலு செக்கன் கழித்துப் போனுக்குள்ளால் ஒருமுறை கேட்கும். புதுசு வாங்கடா என்றால், "உனக்கென்ன அவசரம்?" என்பான். முப்பது வருடம் இப்படி.

போன வருடத்துக்கு முந்தின இலையுதிர் காலத்தில் அந்தத் தொடரைப் புதிதாக எடுத்து வெளியிட்டார்கள். ராசன் கலியாண வீட்டுக்காரன் மாதிரித் திரிந்தான், அவன் மனைவி புஷ்பம் கட்லட் கூடப் பொரித்தாளாம். பார்த்தோம். ஹாலோவெல் ஹெலிகொப்டரில் இருந்து குதிக்கிறான். வானத்தைத் தொடுகிற மாடியில் வீடு, பின்னால் கம்பியூட்டரோடு பத்துப் பேர், தோளில் சாய்ந்து அழக் காதலி. மூக்குக்கண்ணாடியே கிடையாது. போனில் ராசனுடைய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, முடிந்ததும் கத்தத் தொடங்கினான். "தனிச்சுக் கிடந்த மனுசனடா அவன்! அவனுக்கு ஏன்டா பத்துப் பேர்?" எனக்கும் பிடிக்கவில்லைதான், ஆனால் ஒரு மணித்தியாலம் நிறுத்தாமல் கத்தினால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? என் வாயில் சனி. "உந்தக் கிழட்டுப் படத்தை விட்டா உனக்கு வேற என்னடா இருக்கு? எங்களுக்குப் பிள்ளை குட்டி எண்டு ஆயிரம் வேலை கிடக்கு" என்றேன்.

ராசனுக்கும் புஷ்பத்துக்கும் பிள்ளைகள் இல்லை. பார்க்காத டொக்டர் இல்லை, போகாத கோயில் இல்லை, எல்லாம் தெரிந்தவன் நான். அவன் போனை வைத்துவிட்டான்.

அஞ்சு மாதம் கதையில்லை. ரிசீவரை எடுப்பேன், வைப்பேன். எங்கள் ஆம்பிளைகளுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வராது, அதுவும் சிநேகிதனிடம் வரவே வராது, அடிபட்டுவிட்டு அடுத்த கிழமை ஒன்றும் நடக்காதது மாதிரித் தேத்தண்ணி குடிக்கத்தான் தெரியும். ஆனால் இது அப்படித் தீருகிற விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். ராசன் போய்விட்டான் என்றால் இந்த நாட்டில் என்னை 'டேய்' என்று கூப்பிட ஒருத்தரும் இல்லை.

மாசி மாதத்துச் சனிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. மனைவி நோத்ர-டாம்-த-கிரேசில் மகள் வீட்டில் நின்றாள், பேரனுக்குக் காய்ச்சல். நான் வாசலில் பனி அள்ளிவிட்டு வந்து சப்பாத்துக் கழட்டுகிறேன், வீட்டுப் போன் அடிக்கிறது.

"டேய், கடைசி எபிசோட். வச்சிட்டியே?"

ராசனேதான். அதே கரகரத்த குரல், அதே அதட்டல். பொறடா பொறடா என்று சொல்லி டிஸ்கைத் தேடிப் போட்டேன். ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்ணினான். என் டிவியில் இசை வந்தது. நாலு செக்கன் கழித்துப் போனுக்குள்ளால் வந்தது. நம்பினால் நம்புங்கள், அதைக் கேட்டதும் ரிசீவரைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டேன்.

ஐம்பது நிமிடமும் வழக்கம்போலக் கதைத்துக்கொண்டே பார்த்தான். ரயில் நிலையக் காட்சி வந்தபோது, "பொறு, அந்தக் கண்ணாடி யன்னலைப் பார், கமராக்காரன் ஒருத்தன் வாயில சிகரட்டோட நிக்கிறது தெரியுது, இவ்வளவு காலமும் காணேல்லையேடா!" என்று விழுந்து விழுந்து சிரித்தான். நான் பார்க்க முன்னம் காட்சி போய்விட்டது. படம் முடிந்தது. இப்ப சொல்லு, இப்ப சொல்லு என்று நெஞ்சு அடித்தது. என் வாயில் வந்தது, "சரி அப்ப, வைக்கிறன்." அவ்வளவுதான். "ஓம்" என்றான், வைத்துவிட்டேன்.

பின்னேரம் ஏழு மணிக்குப் புஷ்பம் எடுத்தாள். "அண்ணை, கோவமெண்டாலும் உங்களுக்குச் சொல்லாம விடக்கூடாது. இவருக்கு இண்டைக்கு நெஞ்சில ஒப்பரேசன். ஒரு மணிக்குக் கொண்டு போனவங்கள், ஆறு மணிக்குத்தான் முடிஞ்சது. இன்னும் கண் முழிக்கேல்லை."

"என்ன பிள்ளை சொல்லுறாய்? ரெண்டு மணிக்கு வீட்டில இருந்து என்னோட கதைச்சவன், படமும் பார்த்தவன்."

"வீடு வியாழக்கிழமையில இருந்து பூட்டிக் கிடக்கு அண்ணை" என்றாள்.

அழைத்த நம்பரைக் காட்டுகிற வசதியை நான் எடுத்திருக்கவில்லை, அதனால் காட்ட ஒரு அத்தாட்சியும் இல்லை. பனி அள்ளின களையில் நித்திரையாகிக் கனவு கண்டிருப்பியள் என்றாள் மனைவி. நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். ஆனால் டிஸ்கைத் திரும்பப் போட்டு, ரயில் நிலையக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். யன்னலில் அந்த ஆள் நின்றான், வாயில் சிகரட். குறை கண்டுபிடிப்பதையே தொழிலாகச் செய்த என் கண்ணுக்கு முப்பது வருடமாகப் படாத ஆள்.

நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ராசன் பாதியாகிக் கிடந்தான். புஷ்பம் என்னைக் கண்டதும் கோப்பி வாங்கப் போகிறேன் என்று வெளியே போனாள், வேண்டுமென்றுதான் போனாள் என்று நினைக்கிறேன். என்ன வந்தாலும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "ராசன்…" என்று தொடங்கினேன். அவன் கையை மெல்ல உயர்த்தினான்.

"விடடா. ஒருக்காச் சொன்னதே காணும், திருப்பிச் சொல்லாதை."

"என்ன சொன்னனான்?"

"அண்டைக்குப் போனில. படம் முடிஞ்சாப் பிறகு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதியே. 'அப்பிடிச் சொன்ன வாயை அடிச்சு உடைக்க வேணும், உன்னை விட்டா எனக்குத்தான்டா ஒருத்தரும் இல்லை' எண்டு."

நான் கதிரையை இழுத்துப் போட்டுக் கிட்ட இருந்தேன். "எப்பவடா கதைச்சனாங்கள்?"

"ஆருக்குத் தெரியும், மயக்க மருந்து. ஆனா உன்ர குரல் வடிவாக் கேட்டது."

படத்தில் யன்னலில் நின்ற கமராக்காரனைப் பற்றிக் கேட்டேன். எந்த ஆள் என்று முழித்தான்.

அந்த மன்னிப்பு வசனத்தை அஞ்சு மாதமாக ஒவ்வொரு நாளும் நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவிக்குக்கூடத் தெரியாது. அவன் சொன்னதில் ஒரு சொல் பிசகவில்லை. ஆனால் அது என் வாயிலிருந்து வெளியே வரவே இல்லை, யார் தலையில் அடித்தும் சத்தியம் செய்வேன்.

ராசன் இப்போது சுகமாக இருக்கிறான். புதுத் தொடரின் இரண்டாம் பாகமும் வந்தது, இரண்டு பேரும் சேர்ந்து ஆசை தீரத் திட்டினோம். நான் கேட்காத மன்னிப்பை ஏற்றுக்கொண்டு அவன் நிம்மதியாக இருக்கிறான். உண்மையாகவே ஒருமுறை வாய் திறந்து கேட்டுவிடலாம் என்று பலமுறை தொடங்கியிருக்கிறேன். அப்படிக் கேட்டால், அப்ப அண்டைக்கு உன்ர குரலில அழுதது ஆரடா என்று அவன் கேட்பான். அந்தப் பயத்தில் இன்னும் கேட்கவில்லை.