போர்மேன் கையில் பாஸ்வேர்டு

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் டவுன் ஆபீசில், பெட்டிகளுக்கு லேபிள் வரைகிற வேலை எனக்கு. தினமும் விருதுநகரிலிருந்து பஸ். வரைகிற வேலை என்று பெயர்தான். லேபிளில் இருக்கும் பழைய கிளியின் படத்தில் எழுத்தை மாற்றிக் கொடுப்பதோடு சரி. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் ஒரு சீசனில்தான், புதுப் புஸ்வாணத்துக்கு நானே ஒரு மயில் வரைந்தேன். முதலாளிக்குப் பிடித்துவிட்டது. ஆனால், "அஞ்சு மணிக்குள்ள பிரஸ்ஸுக்குப் போயிரணும்மா. இல்லேன்னா பழைய கிளியவே ஓட்டிருவோம். லோடு நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மயிலை ஏற்றுவதற்காகப் பென் டிரைவைச் செருகினேன். அது எங்கிருந்து வாங்கி வந்ததோ, உள்ளே வைரஸ். ஆன்டிவைரஸ் அலறியடித்துக்கொண்டு எழுந்து, வைரஸோடு என் மயிலையும் பிடித்து அடைத்துவிட்டது. விடுவிக்கப் போனால், உனக்கு அனுமதி இல்லை, அட்மினிஸ்ட்ரேட்டரைக் கேள் என்றது.

அந்த அட்மினிஸ்ட்ரேட்டர் யார் என்பதில்தான் கூத்தே. கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்தவர், முழு அதிகாரத்தை நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் கொடுங்கள் என்று சொல்லிப் போயிருந்தார். எங்கள் முதலாளிக்கு நம்பிக்கையான ஆள் என்றால் பேக்டரியில் வெடிமருந்து கலக்கிற போர்மேன்தான். அவருடைய அறையில் ஒரு பொறி பறந்ததில்லை. ஆக, கம்ப்யூட்டரைத் தொட்டே அறியாதவரிடம் பாஸ்வேர்டு. நாளெல்லாம் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு வெறும் நாற்காலி.

பேக்டரிக்குப் போன் போட்டேன். வாட்ச்மேன் போய்க் கேட்டுவிட்டு வந்தார். "கலக்கின மருந்தப் பாதியில விட்டுட்டு வர முடியாதாம். முடிச்சு, குளிச்சிட்டு வாராகளாம்."

மருந்து அறையில் வேலை செய்தவர்கள் குளிக்காமல் வெளியே கிளம்ப மாட்டார்கள். தெரிந்த வழக்கம்தான். ஆனாலும் அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

நாலரைக்கு மொபெட் சத்தம் கேட்டது. தலை ஈரம், காதோரம் மட்டும் அலுமினியப் பொடி மின்னியது. மருந்து அறைக்குள் நுழைவதுபோலச் செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்தார் போர்மேன் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, பாஸ்வேர்டை மட்டும் சொல்லுங்க. நான் அடிச்சிருதேன்."

"யாருட்டயும் சொல்லக் கூடாதுன்னுருக்காக. நீ அங்கன திரும்பிக்கம்மா."

சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டும் சத்தம். ஒருவழியாகத் திறந்தது. அப்பாடா என்று மயிலை மீட்கும் பட்டனைக் காட்டினேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"வைரஸு இன்னும் அதுல இருக்கா, போயிருச்சா?"

"போயிருச்சுன்னுதான் காட்டுது அண்ணாச்சி. நேரமாகுது!"

"சோதிக்காம எதையும் வெளிய விட்டுப் பழக்கமில்ல. இன்னொருக்கா பார்க்கச் சொல்லு."

பார்க்கச் சொன்னோம். பச்சைக் கோடு நகர்வேனா என்றது. நான் நகத்தைக் கடித்தேன். அவர் மருந்தைப் பார்ப்பதுபோல் கண் கொட்டாமல் அந்தக் கோட்டையே பார்த்திருந்தார். சுத்தம் என்று வந்ததும் அவரே பட்டனை அமுக்கினார். திரை நிறைய என் மயில்!

"ஏ யாத்தே, நீயா வரைஞ்ச?" என்றவர், நான் கேட்காமலே முதலாளிக்குப் போன் போட்டார். "மொதலாளி, இந்தப் பிள்ளைக்கும் அதிகாரத்தக் குடுத்துருவோம். ஒவ்வொரு தடவையும் குளிச்சிட்டு வர நம்மால ஆகாது." மறுமுனையில் சிரிப்பு எனக்கே கேட்டது. எந்த இடத்தில் மாற்ற வேண்டும் என்று நான் காட்ட, என்னையும் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கினார். ஆக்கும் முன்பு ஒரு நிபந்தனை: "செருப்ப வெளிய விட்டுட்டு வா."

விட்டுவிட்டு வந்தேன். பிறகு அதை மாட்டக்கூட நேரமில்லை. பென் டிரைவை நம்பாமல் மயிலைக் குறுந்தகட்டில் ஏற்றிக்கொண்டு, வெறுங்காலோடு அவருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். பிரஸ்ஸில் கிளி அச்சுப் பிளேட்டைக் கையில் எடுத்துவிட்டிருந்தார்கள். "அதக் கீழ வைங்கலே!" என்று வாசலிலிருந்தே கத்தினார் அண்ணாச்சி.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் தெருவில் அப்பா அந்தப் புஸ்வாணத்தைக் கொளுத்தினார். தெருவே அண்ணாந்து பார்த்தது. நான் மட்டும் மயில் போட்ட காலிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.