தானா இறங்கின ட்ரெபிள்

1. கோடு நிக்கமாட்டேங்குது

மைக் செட்டுக்காரன் மேடை முன்னாடி பதறக் கூடாதுன்னு எங்கிட்ட வேலைக்கு வந்தவங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவன் நான். அன்னைக்கு நானே பதறிட்டேன்.

நெய்வேலி டவுன்ஷிப்புல ஒரு பிளாக் சமுதாயக் கூடம். மைன்ஸ்ல ஃபோர்மேனா இருந்தவருக்கு ரிட்டயர்மென்ட் பாராட்டு. மாலை, சால்வை எல்லாம் முடிஞ்சி எங்க ஆர்கெஸ்ட்ரா ஆரம்பிச்சாச்சு. என் சம்சாரம் விஜயா பாடிக்கினு இருக்கா, டேவிட் கீபோர்டு வாசிக்கிறான். நான் கையில டேப்லெட்டை வச்சிக்கினு ஹாலுக்கு நடுவுல நிக்கறேன்.

டிஜிட்டல் மிக்ஸர் வாங்கின புதுசு. பழைய மிக்ஸர் மாதிரி மேசை மேல விரிச்சி வைக்கிற பலகை இல்லை இது. மேடை ஓரத்துல ஒரு பெட்டி இருக்கும், மைக் வயரெல்லாம் அதுல போய்ச் சேரும். தொட்டுத் திருப்ப அதுல ஒண்ணுமே இருக்காது. பக்கத்துல ஒரு ரூட்டர். வை-ஃபை மூலமா டேப்லெட்டுல விரலால தள்ளினா ஹாலுல சத்தம் ஏறும், இறங்கும்.

விஜயா மைக்குக்கு, குரலோட கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கிற ஈக்யூ பக்கத்தைத் திறந்து ட்ரெபிளை ஏத்தினேன். ஸ்கிரீன்ல ஒரு கோடு ஓடும். அதோட வலது பக்கத்தைத் தூக்கினா குரல்ல இருக்கிற கூர்மையெல்லாம் மேல வரும். தூக்கி வச்சிட்டு விரலை எடுத்தேன். கோடு தானா கீழ இறங்குது. மறுபடி ஏத்தினேன். பல்லவி முடியறதுக்குள்ள மறுபடி இறங்கிடுச்சு. யாரும் தொடலை. டேப்லெட் என் கையிலதான் இருக்கு.

பேய், பிசாசு நம்பறவன் இல்லை நான். ஆனா அன்னைக்கு பின்னாடி யாராவது நிக்கறாங்களான்னு திரும்பிப் பாத்தேன்.

2. பழசை ஏன் வித்தேன்

பழைய மிக்ஸரைத் தூக்க ரெண்டு ஆள் வேணும். இந்த மாதிரி சின்ன ஹாலுல அதுக்கு மேசை போட்டா நாலு சேர் போடற இடம் போயிடும். விழா நடத்தறவரு வந்து, "என்னாப்பா சேகரு, எங்க ஜி.எம். உக்கார்ற இடத்துல நீ கடை விரிச்சி வச்சிருக்க" ன்னு விரட்டுவாரு. மேசையைத் தள்ளித் தள்ளி கடைசியில செருப்பு விடற இடத்துக்கே போயிருவோம். அங்க நின்னு கேட்டா மேடை சத்தம் கேக்காது, சமையக்கட்டுப் பாத்திரச் சத்தம்தான் கேக்கும். அங்கிருந்து மிக்ஸ் பண்றது குருட்டாம்போக்குதான்.

டேப்லெட் வந்த பிறகு மூணாவது வரிசையில அத்தை, மாமாங்களோட உக்காந்துக்கினே மிக்ஸ் பண்ணலாம். ஜனங்க எதைக் கேக்கறாங்களோ அதை நானும் கேக்கலாம். அதுக்குத்தான் வாங்கினேன். பிளான்ட்டுல வேலை செய்யற இன்ஜினியருங்க கூட, "இதை எப்டிங்க ஆபரேட் பண்றீங்க?" ன்னு பக்கத்துல வந்து பாப்பாங்க. கொஞ்சம் மிதப்பாத்தான் இருந்தேன், மறைக்கிறதுக்கு என்னா இருக்கு.

இன்னொரு காரணமும் இருந்துச்சு. அதை யாருகிட்டயும் சொல்லலை. விஜயா குரல் மங்கிக்கினே வந்துச்சு. முன்னெல்லாம் அவ பாடினா பித்தளைத் தட்டுல காசு விழுந்த மாதிரி கணீர்னு இருக்கும். கொஞ்ச நாளா கம்பளிக்கு உள்ளேருந்து பாடற மாதிரி ஆயிடுச்சு. பாடறவகிட்ட போய் உன் குரல் போச்சுன்னு எந்த வாயால சொல்றது? சேத்தியாத்தோப்புலேருந்து கல்யாணம் பண்ணிக்கினு வந்த நாள்லேருந்து அவளுக்கு இந்தப் பாட்டு ஒண்ணுதான் சொத்து. சரி, அவளுக்குத் தெரியாம நாம தூக்கிக் குடுத்துடுவோம்னு முடிவு பண்ணேன். பழசுலயே ஏத்த ஆரம்பிச்சிருந்தேன், ஆனா அதுக்கு இந்த மிக்ஸர் ரொம்ப வசதி. யாரும் பாக்காம ஒரு விரல்ல வேலை முடிஞ்சிரும்.

அந்தக் கோடுதான் இப்பத் தானா இறங்குது.

3. கோளாறு தேடினது

மிக்ஸர் வாங்கின கடைக்கு போன் போட்டேன். "ஹாலு நெறைய ஆளுங்க செல்போனோட இருப்பாங்கல்ல சார், வை-ஃபை அடிச்சிக்கும். சேனலை மாத்துங்க" ன்னாரு. மாத்தினேன். அடுத்த புரோகிராம்லயும் இறங்குச்சு. ரூட்டரை மாத்தச் சொன்னாரு. நல்லதா பாத்து வாங்கி, மேடையில ஒரு கம்பத்துல ஒசரமா கட்டினேன். அப்பவும் இறங்குச்சு. மிக்ஸர் சாஃப்ட்வேரை அப்டேட் பண்ணச் சொன்னாரு. அதுவும் ஆச்சு.

கடைசியில அவரே சலிச்சிப் போயி, "வை-ஃபை கட்டானா எதுவும் நகராது சார், இருந்தது இருந்த மாதிரியே நிக்கும். தானா எறங்குதுன்னு சொல்ற மொத ஆளு நீங்கதான்" ன்னாரு. நான் பொய் சொல்றேன்னு நெனச்சிட்டாரு போல.

டேவிட்டைக் கேட்டேன். பத்து வருஷத்துக்கு மேல எங்களோட வாசிக்கிறவன், கம்ப்யூட்டர் சமாசாரம் தெரிஞ்சவன். என் மூஞ்சியைப் பாக்காம, "வை-ஃபையாத்தான் இருக்கும்ண்ணே" ன்னு சொல்லிட்டு ஸ்டாண்டை மடிச்சிக்கினு இருந்தான்.

தூக்கம் போச்சு. மிக்ஸரே சரியில்லையோ, வித்த பழசைத் திருப்பிக் கேட்டா குடுப்பானோன்னு ஓடும் மனசு.

4. மந்தாரக்குப்பம் ரிசப்ஷன்

மண்டபம் சின்னது. ஸ்பீக்கருக்கும் முதல் வரிசைக்கும் நடுவுல ஆளு நடந்து போற இடம்தான் இருக்கும். அன்னைக்கும் விஜயா பாட ஆரம்பிச்சதும் ட்ரெபிளை ஏத்தினேன். இறங்குச்சு. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறதுன்னு, ரூட்டர் கிட்ட போனா எப்படி இருக்குன்னு பாக்க மேடைக்கு நெருக்கமா நடந்தேன்.

விஜயா கையில போன். அதுல அதிசயம் ஒண்ணுமில்லை. முன்னாடி பாட்டு நோட்டு வச்சிப் பாடினவங்க எல்லாரும் இப்ப போன்ல பாத்துத்தான் பாடறாங்க. ஆனா இப்ப டேவிட் மட்டும் வாசிக்கிற நேரம், பாட்டு வரி தேவையில்லை. அவ கட்டை விரல் போன்ல கீழ இழுத்துச்சு. என் டேப்லெட்டுல கோடு இறங்குச்சு.

நின்னுட்டேன். பாத்துக்கினே ஏத்தினேன். அவ லேசா மூஞ்சியைச் சுளிச்சா. விரல் இறங்குச்சு, கோடும் இறங்குச்சு. பாடறவங்களுக்குக் கேக்கறதுக்காக மேடையில வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கரை அவளே கூட்டிக் குறைச்சிக்கட்டும்னு அவ போன்ல மிக்ஸர் ஆப்பை டேவிட் ஏத்திக் குடுத்தது எனக்குத் தெரியும். அதுலேயே என் ஈக்யூ பக்கம் வரைக்கும் அவ வருவான்னு நான் நெனைக்கவே இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிடுச்சு. ஒனக்காகத்தாண்டி நான் ஏத்தறேன், நீ என் தொழில்லயே கை வைக்கிறியான்னு. அவ போனை முன்னாடி இருந்த ஸ்டாண்டுல வச்சிட்டு ரெண்டு கையாலும் மைக்கைப் பிடிச்சி உச்சத்துக்குப் போற நேரம் பாத்து, கோட்டை முழுசா மேல தள்ளினேன்.

முதல் வரிசையில ஒரு அம்மா கையிலிருந்த தாம்பூலப் பையைப் போட்டுட்டு காதைப் பொத்தினாங்க. பக்கத்துல இருந்த குழந்தை வாயைப் பொளந்து அழுவுது. பொண்ணு, மாப்பிள்ளை, போட்டோகிராபர், வரிசையில நிக்கறவங்க எல்லாரும் காதைப் பொத்திக்கினு என்னையே பாக்கறாங்க. வெளியில வெடி எதுனா போட்டாங்களான்னு நான் திரும்பி வாசப்பக்கம் பாத்தேன்.

எனக்கு ஒண்ணும் கேக்கலை. டேவிட் கீபோர்டு கேக்குது. குழந்தை அழுவுறது கேக்குது. வேற எதுவும் இல்லை.

அப்புறம் டேப்லெட்டைப் பாத்தேன். வர்ற சத்தத்தைக் காட்டற படத்துல, வலது கோடியில ஒத்தைக் கம்பியா ஒரு கோடு உச்சியில நட்டுக்கினு நிக்குது. அது ஃபீட்பேக். மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்து விசிலடிக்கிறது. ஊசியாக் காதைக் குத்தும். ஆயுசு பூரா அதை ஒழிக்கிறதுதான் என் வேலை. அது மண்டபத்தையே கிழிச்சிக்கினு இருக்கு, நான் நடுவுல மரம் மாதிரி நிக்கறேன்.

விஜயாதான் போன்ல இறக்கினா. ஜனங்க காதுலேருந்து கையை எடுத்தாங்க. அதை வச்சித்தான் விசில் நின்னுடுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிது.

5. வூட்டுல பேசினது

மறுநாள் காலையில அவளே வந்து எதிர்ல உக்காந்தா.

"எப்பலேருந்து இந்த வேலை பண்ற?" ன்னேன்.

"மிக்ஸர் வாங்கினதுலேருந்தே. அதுக்கு முன்னாடி நீங்க பழசுல ஏத்தும்போது என்னால ஒண்ணும் பண்ண முடியலை. எல்லாரும் காது கூசுது, காது கூசுதுன்னு எங்கிட்டதான் வந்து சொன்னாங்க. உங்ககிட்ட சொல்ல பயம். ரெண்டு பேரு நம்மளைக் கூப்புடறதையே விட்டுட்டாங்க."

"எனக்கு ஏன் சொல்லலை?"

"நம்ம வூட்டு இன்வெர்ட்டர் ஒரு நாள் மத்தியானம் பூரா கீ கீன்னு கத்திக்கினே இருந்திச்சிங்க. நீங்க அதும் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிக்கினு இருந்தீங்க. அப்பவே தெரிஞ்சிபோச்சு. ஒங்களுக்குக் காதுதான் எல்லாம். அதை எப்டிங்க நான் என் வாயால சொல்லுவேன்?"

"டேவிட்டுக்குத் தெரியுமா?"

"அவன்தான் எங்க தொடணும்னு காட்டிக் குடுத்தான். அவனைத் திட்டாதீங்க."

அப்ப நான் என்னோடதைச் சொன்னேன். "ஒன் குரல் மங்கிப் போச்சுன்னு நெனச்சித்தான் ஏத்தினேன் விஜயா. ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு."

அவ எதிர்ல இருந்த டேப்லெட்டைத் தள்ளி வச்சா. அப்புறம், "என் குரலு அப்படியேதாங்க இருக்குது" ன்னு சொல்லிட்டு அழுதுட்டா. அவ குரல் போகலைன்னு எனக்கு சந்தோஷமா இருந்திருக்கணும். ஆனா இல்லை. நல்லா இருக்கிற குரல் எனக்கு மட்டும் இனிமே கெடையாதுன்னா அதுல என்னா சந்தோஷம்.

6. காது டெஸ்ட்

கடலூர்ல ஒரு காது டாக்டர்கிட்ட போனோம். கண்ணாடி வச்ச சின்ன ரூம்ல உக்கார வச்சி ஹெட்ஃபோன் மாட்டினாங்க. சத்தம் கேட்டா பட்டனை அமுக்கணும். முதல்ல வந்ததெல்லாம் கேட்டுச்சு, அமுக்கினேன். அப்புறம் சத்தமே வரலை. கரன்ட் போச்சோ, மெஷினுல கோளாறோன்னு பட்டன் மேல விரலை வச்சிக்கினு காத்திருந்தேன். டெஸ்ட் எடுத்த பொண்ணு கதவைத் திறந்துச்சு.

"மெஷினு நின்னுடுச்சாம்மா?" ன்னேன்.

"முடிஞ்சிடுச்சி சார், வாங்க."

டாக்டர் சீட்டைப் பாத்துட்டு, "மைன்ஸ்ல வேலையா?" ன்னு கேட்டாரு. இந்தப் பக்கத்துலேருந்து வர்றவங்களை அப்படித்தான் கேப்பாரு போல.

"இல்லைங்க, மைக் செட்டு."

"சத்தத்துக்குப் பக்கத்துலயே இருப்பீங்களா?"

கோயில் திருவிழாவுல கோன் ஸ்பீக்கருக்குக் கீழயே படுத்துத் தூங்கினவன் நான். ஜெனரேட்டர் மேல சாஞ்சிக்கினு சாப்பிட்டவன். அதையெல்லாம் என்னான்னு சொல்றது. ஆமாங்கன்னேன்.

"கீச்சுன்னு கூர்மையா வர்ற சத்தம் கேக்கற சக்தி போயிடுச்சு. போனது வராது. மெஷின் வச்சிக்கிட்டா பேச்சு கொஞ்சம் தெளிவாகும். பாட்டு பழைய மாதிரி கேக்கும்னு நான் சொல்ல மாட்டேன்." நல்ல மனுஷன். பொய் சொல்லலை.

7. இப்ப

இந்தத் தொழிலுக்கு வர்ற பசங்க என்ன மிக்ஸர் வாங்கலாம், எந்த ரூட்டர் நல்லதுன்னு எங்கிட்ட கேக்கறாங்க. எதையாவது வாங்குங்கப்பா. அதுக்கு முன்னாடி காதைக் காட்டுங்க, வருஷா வருஷம் காட்டுங்க. ஸ்பீக்கர் பக்கத்துல நின்னா காதுல அடைப்பான் வைங்க, எவனாவது சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான். ஸ்கிரீன்ல தெரியறதெல்லாம் காதுல விழுந்ததா அர்த்தமில்லை. இது எனக்கு ரொம்ப லேட்டா தெரிஞ்சிது, தெரிஞ்சும் என் விஷயத்துல ஒரு பிரயோஜனமும் இல்லை.

டாக்டரைப் பாத்துட்டு வந்த மறுநாள் நானே மிக்ஸரை ஆன் பண்ணேன். எந்தக் கருவி எதைத் தொடலாம்னு அதுல ஒரு பக்கம் இருக்கு. விஜயா போனுக்கு எல்லாத்தையும் திறந்து விட்டேன். என் டேப்லெட்டுக்குப் பாக்க மட்டும் அனுமதி குடுத்தேன். விஜயா வேணாம்னா. நான் கேக்கலை.

இப்பவும் புரோகிராமுக்குப் போறேன். வயர் போடறேன், பெட்டி தூக்கறேன், டேப்லெட்டோட ஹாலுக்கு நடுவுல உக்காந்துக்கறேன். மைக் செட்டுக்காரன் ஒருத்தன் கண்ணுக்குத் தெரியணும் இல்லையா. மேடையில விஜயா பாடிக்கினே போன்ல எல்லாத்தையும் பாத்துக்கறா. கோடுங்க ஏறுது, இறங்குது.

போன வாரம் ஒரு ரிட்டயர்மென்ட் விழா. பாட்டு முடிஞ்சதும் ரிட்டயர் ஆனவரு மாலையோட இறங்கி வந்து என் கையைப் பிடிச்சிக்கினாரு. "ஒவ்வொரு வார்த்தையும் கணீர்னு கேட்டுச்சுங்க. அந்த அம்மா குரல் என்னா குரல்" ன்னாரு.

"அப்படிங்களா" ன்னேன்.