என் டிரம் நாறாது

என் டிரம் நாறாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் அது நாறப்போகிறது.

திருப்பதியில் என் மகன் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மொட்டை மாடியில் ஒரு மூலையாக அது நிற்கிறது. நீல நிறப் பிளாஸ்டிக் டிரம். சித்தூர்ப் பக்கம் மாம்பழக் கூழ் கம்பெனியில் கழித்துப் போட்டது. மகன் வாங்கி வந்தான். கம்பியைப் பழுக்கக் காய்ச்சிச் சுற்றிலும் துளை போட்டது நான். வீட்டில் சேரும் காய்த்தோல், டீத்தூள், வாடிப்போன கீரைத்தண்டு, நொறுக்கிய முட்டை ஓடு எல்லாம் அதற்குள் போகும். ஈரமாக எதைப் போட்டாலும் மேலே காய்ந்த சருகு ஒரு அடுக்கு போட வேண்டும். பிள்ளைக்குப் போர்த்திவிடுவது போல. அவ்வளவுதான் வித்தை. கொஞ்ச காலம் பொறுத்து அடியில் இருந்து அள்ளினால் கறுப்பாக, பொலபொலவென்று எரு வரும். முதல் மழை விழுந்த நிலத்தின் வாசம் வரும்.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு நாராயணவனத்துப் பக்கம் நான் தனியாக இருந்தேன். மகன் வந்து கூப்பிட்டான். எனக்கு வர இஷ்டமில்லை. "கை வெச்சிக் கிளற மண்ணு இருந்தா வரேன், இல்லாகாட்டி நீ போய்க்கினே இரு நைனா" என்றேன். எங்கள் பக்கம் அப்பனையும் நைனா என்போம், ஆசையாக இருந்தால் பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடுவோம். "மாடி ஃபுல்லா உனுக்குத்தாம்மா" என்றான். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் வந்தேன்.

இப்போது அந்த மாடியில் புளிச்சகீரை, கத்தரி, தக்காளி, சுரைக்காய்ப் பந்தல், ஒரு கறிவேப்பிலை, ஒரு துளசி. எல்லாம் டிரம் போடும் சோற்றைத் தின்று வளர்பவை. டிரம் இல்லை என்றால் அவை இல்லை. அவை இல்லை என்றால் அந்த வீட்டில் நான் எதற்கு? டி.வி. பார்க்கவா?

நான் படித்தது கொஞ்சம்தான். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். திருப்பதியில் பஸ் போர்டெல்லாம் தெலுங்கு. கண்டக்டர் போடும் கூச்சலை வைத்துத்தான் ஏறுவேன். ஆனால் அடுப்படியில் என்னை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. மிளகாய்ப் பொடி, சாம்பார்ப் பொடி, ஊறுகாய், வடகம் எல்லாம் வீட்டில்தான். மருமகள் புதிதில் கடைப் பொடி பாக்கெட் ஒன்று வாங்கி வைத்தாள். நான் தடுக்கவில்லை. அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டேன், அவ்வளவுதான். மறுநாள் அவளே அதைக் கொண்டுபோய்க் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் ஏதாவது சொன்னேனா?

எங்களுக்குக் கீழே வீட்டுச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். தெலுங்குக்காரர்கள், தமிழும் நன்றாகப் பேசுவார்கள். அந்த அம்மா என்னைவிட வயதில் சின்னவள். ஆசாரம் அதிகம். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். வீட்டில் அவளும் கணவரும்தான். நல்லவள், ஆனால் மூக்கு ரொம்ப நீளம். நீளம் என்றால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், நான் சொல்வது வேலை செய்வதை.

ஒரு புதன்கிழமை காலை அவள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு படியேறி வந்தாள்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. மேல இருந்து வாசன ஒஸ்தாந்தி." வாசனை வருகிறதாம்.

"இன்னா வாசனம்மா? கத்திரிப் பூ பூத்துக்கினு கீது, அதுவா?"

"பூ வாசன இல்ல அக்கா. கம்பு." தெலுங்கில் கம்பு என்றால் நாற்றம். "அந்த டிரம்முதான். இந்த ஞாயிறு இல்ல, அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க பொண்ணோட மாமியாருங்க தரிசனத்துக்கு வராங்க. மாடிக்கு வந்து மலையப் பார்ப்பாங்க. அதுக்குள்ள டிரம்ம எடுத்துடுங்க."

திருப்பதியில் வீடு இருந்தால் தரிசனத்துக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கு அது சத்திரம். அதிலும் சம்பந்தி வருவது என்றால் கேட்கவே வேண்டாம், சுவரில் இருக்கும் பல்லியைக் கூடக் குளிப்பாட்டுவார்கள். அது எனக்குப் புரிந்தது. ஆனால் என் டிரம் நாறுகிறது என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவள் இறங்கிப் போனதும் மூடியைத் திறந்தேன்.

நாறியது.

கெட்ட நாற்றம். புளித்துப்போன பால் நாற்றம். உள்ளே நசநசவென்று ஈரம். எறும்பு வேறு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது, இது மருமகள் வேலை என்று. பாக்கெட் பால் வாங்குகிறவள் அவள்தானே.

"ஏம்மா, திரிஞ்ச பால எங்க கொட்ற?" என்று சமையல் கட்டில் போய்க் கேட்டேன்.

அவள் தோசைக் கரண்டியோடு திரும்பினாள். "எங்க அத்தே திரிய உடறீங்க? திரிஞ்சா நீங்க தெரட்டுப்பால் கிண்டிடறீங்க. மோர் புளிச்சா மோர்க்கொழம்பு. சோறு மிஞ்சினா வடகம். கொட்டறதுக்கு எனக்கு இந்த வீட்ல இன்னா மிச்சம் வெக்கிறீங்க?"

அவள் சொன்னது என் பெருமையைத்தான். ஆனால் சொன்ன விதம் அப்படி இல்லை.

மகனிடம் சொன்னேன். அவன் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே, "அந்தம்மா கேக்கறதும் ஞாயந்தானம்மா. இந்த வாடகைக்கு இப்படி ஒரு வீடு கெடைக்காது. டிரம்ம எடுத்துடலாம். எரு கடைல பாக்கெட்ல விக்கறாங்க" என்றான்.

எருவைப் பாக்கெட்டில் வாங்குவதா! கடைப் பொடிக்கு விட்ட பெருமூச்சை இங்கேயும் விட்டுப் பார்த்தேன். பிள்ளைகளிடம் அது பலிப்பதில்லை. மருமகள்களிடம்தான் பலிக்கிறது.

அன்று வெயில் ஏறும் முன்பே டிரம்மைக் கிளறினேன். தெருவில் புங்கமரத்தடியில் சருகு கூட்டி மூட்டையாகக் கொண்டுவந்து, ஈரம் தெரியாத அளவுக்குப் போட்டு மூடினேன். சரியாகிவிட்டது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஒரு நாற்றமும் இல்லை. 'பார்த்தாயா?' என்று டிரம்மைத் தட்டிக்கூடக் கொடுத்தேன்.

அப்போதுதான் யோசனை வந்தது. இந்த வாரமும் போன வாரமும் ஞாயிறு திங்களில்தான் நாற்றம் மூக்கில் லேசாகத் தட்டியது. செடிக்குப் போட்ட புண்ணாக்கு என்று விட்டுவிட்டேன். அப்படியானால் சனிக்கிழமையில் ஏதோ நடக்கிறது. யாரோ என் டிரம்முக்கு எனக்குத் தெரியாமல் சோறு ஊட்டுகிறார்கள்.

மறுநாளே சனிக்கிழமை. விடிந்ததும் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், சுரைக்காய்ப் பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்து புளிச்சகீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒளிந்திருக்கவில்லை. அங்கே நிழல் நன்றாக இருக்கும்.

படியில் மெட்டிச் சத்தம் கேட்டது. வந்தது கீழே இருக்கும் வீட்டுக்காரம்மா. தலைக்குக் குளித்து ஈரத் துண்டு சுற்றியிருந்தாள். கையில் பித்தளைச் சொம்பு. நெற்றியில் இட்ட திருச்சூர்ணம் இன்னும் காயவில்லை. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், பந்தல் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. நேராக என் டிரம்முக்குப் போய் மூடியைத் திறந்து, சொம்பில் இருந்ததைச் சாய்த்து ஊற்றினாள். பால், தயிர், வாழைப்பழத் துண்டு, துளசி. ஊற்றிவிட்டு இரண்டு கையாலும் டிரம்மைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்த கணமே முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

சாமி கும்பிடுவதும் மூக்கைப் பிடிப்பதும் ஒரே மூச்சில் நடந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"எத்தினி சனிக்கிழமையாம்மா இது?" என்று பந்தலுக்குள் இருந்தே கேட்டேன்.

அவள் துள்ளிய துள்ளலில் சொம்பு உருண்டு தக்காளித் தொட்டியில் போய் முட்டியது. "அய்யோ ராமா! அக்கா, நீங்க எப்ப வந்தீங்க?"

"நா இங்கியே கீறேன். நீதான் திருட்டுப் பூன மாரி வந்த. பூனையாச்சும் பால குடிச்சிட்டுப் போவும், நீ கொட்டிட்டுப் போற."

அவள் முகம் சிவந்துவிட்டது. கோபமா வெட்கமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பிறகு மெல்ல வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு கட்டுக் கீரையைத் தானே எடுத்து ஆயத் தொடங்கினாள். பெண்பிள்ளைகளுக்குப் பேச ஒன்றும் வராவிட்டால் கை கீரையைத் தேடும்.

"சாமிக்குத் திருமஞ்சனம் பண்ண பாலு அக்கா. தீர்த்தம். அத சிங்க்குல ஊத்தலாமா? எச்சித்தட்டு கழுவற எடம். சாக்கடைக்குப் போவும், காலு படும்."

"குடிக்கறதுதான?"

"எவரு குடிக்க? அப்ப வீடு நெறய ஜனம். ஆளுக்கு ஒரு கை குடுத்தா சொம்பு காலி. இப்ப நானு, அவரு. அவருக்குச் சக்கர." கீரைக் காம்பைக் கிள்ளிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். "முன்ன கீழ தென்னமரம் இருந்துச்சி. அதுங்கிட்ட ஊத்துவேன். அல்லுடு காரு நிறுத்தணும்னு சொல்லி, மரத்த எடுத்துட்டு மொத்தம் சிமெண்டு போட்டுட்டாங்க. இந்த வீட்ல மண்ணுன்னா அது உங்க மாடிலதான் உந்தி."

அல்லுடு என்றால் மருமகப்பிள்ளை, உந்தி என்றால் இருக்கிறது. அவருடைய கார் வருஷத்துக்கு எத்தனை தரம் வந்து நிற்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பாள்.

"அத எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. மண்ணுக்கு நானா காவல்காரி?"

"எட்ல, எப்பிடி கேக்கறது அக்கா? வாசன ஒஸ்தாந்தின்னு மேல வந்து கத்தினது நான்தான?"

"வாசன ஒன் பாலுதான்."

"பாலா?" என்றாள், நிஜமாகவே திகைத்துப்போய். "சாமி பாலு எப்படி அக்கா கம்பு வரும்?"

சாமி குடித்தது போக மிச்சம் புளிக்கத்தான் செய்யும் என்றேன். சிரித்துவிட்டாள். சிரித்து முடித்து டிரம்மையே பார்த்தாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"அக்கா, இதுல நீங்க... கவுச்சி ஏதும் போட மாட்டீங்களே?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த டிரம்மைப் பற்றி நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. "முட்ட ஓடு போடுவேன்மா. கத்திரிக்கு நல்லது."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனை சனிக்கிழமை என்று மனதுக்குள் எண்ணியிருப்பாள் போலிருக்கிறது. மலைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எங்க ஆயனக்கு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.

"ஒங்க வீட்டுக்காரருக்கு நா ஏன் சொல்றேன்? எம் புள்ளைக்கே இன்னும் சொல்லல."

அங்கேயே பேசி முடிவு செய்தோம். பாலும் தயிரும் டிரம்முக்கு வேண்டாம். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதே மாதிரி தண்ணீர் நிறையக் கலந்து அதன் அடியில் ஊற்றலாம். பூஜைப் பூவுக்கும் துளசிக்கும் தனியாக ஒரு மண் தொட்டி, மூடி போட்டு. அதில் முட்டை ஓடு போகாது. கால் படாது. எருவானதும் துளசிக்கே போடலாம்.

"அப்ப டிரம்மு?" என்று நான் கேட்டேன். எனக்கு அதுதானே வேண்டும்.

அவள் சட்டென்று வீட்டுக்காரம்மா ஆகிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை மூக்கால பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொம்பைப் பொறுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அந்த வாரம் நான் பட்ட பாடு டிரம்முக்குத்தான் தெரியும். பாதியை வெளியே கொட்டி வெயிலில் காட்டினேன். மருமகள் தேங்காய் நாரை உதிர்த்துக் கொடுத்தாள். "அந்தம்மா ஊத்தின பால்னு தெரிஞ்சும் நீங்க எங்கிட்ட இன்னும் சாரி சொல்லல பாருங்க" என்றாள். நான் அவளுக்குப் பிடித்த வேர்க்கடலைப் பொடியை இடித்து வைத்தேன். எங்கள் வீட்டில் சாரி அப்படித்தான் சொல்வது. மகன் தினமும் வேலைக்குப் போகும்போது, "ஆள வரச் சொல்லட்டா, எடுத்துக்கினு போக?" என்று ஒரு தரம் கேட்பான். "ஞாயித்துக்கிழம ஆவட்டும்" என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் எழுந்ததுமே போய் மூடியைத் திறந்து முகர்ந்தேன். எனக்கு நாறவில்லை. ஆனால் தன் டிரம் யாருக்கு நாறும்? மருமகளைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். "எனக்கு ஜலதோஷம் அத்தே" என்று தப்பித்துக்கொண்டாள்.

சம்பந்திகள் தரிசனம் முடித்து லட்டோடு வந்தார்கள். சாயங்காலம் எல்லாரும் மாடி ஏறி வந்தார்கள். சம்பந்தியம்மா மலையைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தாள். பிறகு கண் முழுக்கச் செடிகள் மேல். மதியம் புளிச்சகீரைத் தொக்கு சாப்பிட்டது இந்தக் கீரைதானா என்று கேட்டாள். தொக்கு அரைத்துக் கீழே கொடுத்தனுப்பியவள் நான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

"அவுனு, மா மேட தோட்ட" என்றாள் வீட்டுக்காரம்மா. ஆமாம், எங்கள் மாடித் தோட்டமாம். எங்கள்! போன வாரம் வரை அது என் குப்பை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

சம்பந்தியம்மா டிரம்மைக் காட்டி அது என்ன என்று கேட்டாள். வீட்டுக்காரம்மா என்னைப் பார்க்கவில்லை. நேராகப் போனாள், மூடியைத் திறந்தாள், அந்த நீள மூக்கை உள்ளே விட்டாள். முந்தானை தோளிலேயே இருந்தது. ஒரு மூச்சு நன்றாக இழுத்தாள்.

"எருவு" என்று சம்பந்தியிடம் சொன்னாள். "கடைல பாக்கெட்ல விக்கறது இது பக்கத்துல வராது."

என் மகன் படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனை அவள் அங்கிருந்தே கூப்பிட்டாள். "ஏம்ப்பா, டிரம்ம எடுக்க யாரோ ஆளு வரச் சொல்றேன்னியாமே? வேணா. அக்காவுக்கு எது எங்க இருக்கணும்னு தெரியும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் சுரைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிரம் அதே மூலையில்தான் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் இப்போது இரண்டு பேரும் மாடிக்குப் போகிறோம். அவள் சொம்போடு, நான் ஒரு குடம் தண்ணீரோடு. பக்தி அதிகமானால் அவள் கை ஒரே இடத்தில் ஊற்றிவிடும். "சுத்தி ஊத்தும்மா, வேர் அழுவிப்போவும்" என்பேன். "சாமி பாலுக்கு வேரு அழுகுமா அக்கா?" என்பாள். இது வாரா வாரம் நடக்கிறது. கறிவேப்பிலை இதுவரை எங்கள் இருவரையும் பொறுத்துக்கொண்டு துளிர்த்திருக்கிறது.